அண்ணனின் ஸ்பிட்ஃபயர், வீட்டுக்காரரின் மஸ்டாங்

மூக்கு சேற்றில், வால் வானத்தில். உப்புப் பாத்தியின் நடுவில் அந்த விமானம் அப்படித்தான் குத்திக்கொண்டு நின்றது.

விமானம் என்றதும் பயந்துவிடாதீர்கள். ஆள் ஏறுகிற விமானம் இல்லை. நான் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகல இறக்கை கொண்ட மாதிரி விமானம். பேட்டரியில் ஓடும், ரிமோட்டில் பறக்கும். பெயர் மஸ்டாங். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காக்காரன் ஓட்டிய சண்டை விமானத்தை அப்படியே சின்னதாகச் செய்தது.

அதை எடுக்க என் வீட்டுக்காரர் ஓடினார். காலில் கறுப்பு ஷூ. வரப்பைத் தாண்டிப் பாத்திக்குள் கால் வைத்ததும் சளக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு சளக்.

வரப்பில் நின்றிருந்த என் அண்ணன் தன் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான். ரொம்ப மெதுவாக வைத்தான். அவன் எதையாவது மெதுவாகக் கீழே வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். நான் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் குழந்தைக்கு அந்த மாதம்தான் காதுகுத்து வைத்திருந்தோம். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். வேறு மடி செல்லாது. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவன்தான் இப்போது ரிமோட்டைக் கீழே வைத்தவன்.

கடைச் சுவர்

சென்ற வாரம் இதே பத்திரிகையில் என் முதல் தையல் மெஷின் வந்த கதையை எழுதியபோது, கடைச் சுவரில் இரண்டு விமானங்கள் தொங்குகின்றன என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிதான் வம்பாகப் போயிற்று. பிளவுஸ் கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மா, “பிளேன் பிளேன்னு சொல்லிட்டு பாதியில வுட்டுட்டீங்களே விஜி” என்று கேட்டார். மெஷின் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மரக்காணம் கடைத்தெருவில் என் கடைக்கு வந்தவர்களுக்கு அந்த விமானங்களைத் தெரியும். அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எல்லோரும் மேலேதான் பார்ப்பார்கள்.

“இன்னாக்கா இது, பாப்பா வெளையாடறதா?”

“பாப்பா அப்பாவும் மாமாவும் வெளையாடறது” என்பேன்.

“ரெண்டுல எதுக்கா பெருசு?” என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு நான் வாயே திறப்பதில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லக் கூடாது என்று நானே ஒரு காலத்தில் சட்டம் போட்டிருந்தேன்.

இங்கிலாந்துக் கட்சி

அண்ணன் பெயர் ஏழுமலை. தை மாதம் தொடங்கி மழை வரும்வரை உப்பளத்தில் வேலை. குத்தகைக்கு எடுத்த சில பாத்திகள், கூடவே கோமதி அண்ணி, நாலைந்து ஆட்கள். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் முழுக்க ஏரி மாதிரித் தண்ணீர் நிற்கும். அப்போது அண்ணன் பொம்மையார்பாளையத்தில் ஒரு மரப் பட்டறைக்குப் போவான். ஆரோவில்காரர்கள் கேட்கிற மேசை, அலமாரி, கதவு எல்லாம் செய்வான்.

அப்படி அலமாரி மாட்டப் போன ஒரு வீட்டில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா போர்க்காலத்தில் விமானப் படையில் மெக்கானிக்காம். கையை நீட்டி நீட்டி அவர் சொன்ன கதையில் பாதிதான் அண்ணனுக்குப் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. அந்த மழைக் காலம் முடிவதற்குள் அந்தப் போரில் இங்கிலாந்துக்காரன் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் விமானத்தை, லேசான மரத்தில் இழைத்து இழைத்துச் சின்னதாகச் செய்துவிட்டான். மோட்டாரை அந்த மனுஷரே கொடுத்தார். அவர் ஊரிலிருந்து கொண்டுவந்து பெட்டியிலேயே வைத்திருந்த மோட்டார்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்த அண்ணி கேட்டாள்: “இவ்ளோ மரத்துல ஒரு முக்காலி செஞ்சிருக்கலாமே.”

அமெரிக்கக் கட்சி

என் வீட்டுக்காரர் சேகர், கிளியனூர்க்காரர். பயிர் செய்கிற குடும்பம். உப்பைச் சோற்றில்தான் பார்த்திருக்கிறார். கல்யாணமான மறு வருஷமே வளைகுடா நாட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஏர்போர்ட்டில் பெட்டிகளை ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிற வேலை. லீவுக்கு எப்போதாவது வருவார். வந்தால் நாற்பது நாள், ஐம்பது நாள். குழந்தை அவரை அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறையில் சிலர் பாலைவனத்துக்குப் போய் இந்த மாதிரி விமானங்கள் விடுவார்களாம். இவரும் வேடிக்கை பார்க்கப் போய், பிறகு கூடவே ஒட்டிக்கொண்டார். ஒரு லீவுக்கு வந்தபோது அட்டைப் பெட்டியில் மஸ்டாங் வந்தது. எனக்குத் தைலமும் சோப்பும் வந்தன.

“வெள்ளி மாதிரி இருக்குது பாரு” என்றார்.

“வெள்ளியாவே இருந்திருந்தா கொலுசாவது பண்ணியிருக்கலாம்” என்றேன்.

கத்தரிக்கோல் கணக்கு

நான் இரண்டையும் தையல்காரியின் கண்ணால்தான் பார்த்தேன். ஸ்பிட்ஃபயரின் இறக்கை முழுக்க வளைவு. உடம்போடு சேரும் இடத்தில் அகலமாகத் தொடங்கி, நுனி வரைக்கும் வளைந்து வளைந்து போகும். நேர் கோடு என்று ஒரு இடமும் கிடையாது. அந்த மாதிரி வெட்டு துணியைத் தின்னும், நேரத்தைத் தின்னும், ஆனால் உடுத்தினால் அழகு. நிஜ ஸ்பிட்ஃபயரின் இறக்கையைச் செய்வதும் அப்படித்தான் பெரும்பாடாக இருந்ததாம். அண்ணன் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

மஸ்டாங்கின் இறக்கை நேர் வெட்டு. நுனியைச் சதுரமாக நறுக்கி விட்டிருப்பார்கள். ரெடிமேடு கம்பெனிக்காரன் பார்த்தால் சந்தோஷப்படுவான். சீக்கிரம் வெட்டலாம், நிறைய வெட்டலாம்.

கால்களிலும் வித்தியாசம் உண்டு. ஸ்பிட்ஃபயரின் இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தரையில் இறங்கும்போது இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. மஸ்டாங் காலை அகட்டி வைத்து ஜம்மென்று இறங்கும்.

“உன் பிளேன் ஏன் மச்சான் கடையில இருந்து வர்றவன் மாதிரி நடக்குது?” என்று இவர் கேட்பார். எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை.

நேச நாடுகள்

இவர் அங்கே இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் சண்டை தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் என் கடையில் உட்கார்ந்து, என் போனில், என் டேட்டாவில் இவரோடு சண்டை போடுவான். நான் ஹெம்மிங் செய்துகொண்டே கேட்பேன். கேட்டுக் கேட்டே எனக்கு அந்தப் போர் மனப்பாடம்.

“ஊரு மேல குண்டு போட வந்தவன வானத்துலயே மடக்கினது எது? ஸ்பிட்ஃபயர். அப்ப உன் அமெரிக்காகாரன் சண்டைக்கே வரல மாப்ள.”

“லேட்டா வந்தாலும் யாரு மச்சான் முடிச்சது? பெரிய பெரிய குண்டு வீசற பிளேனுக்குத் தொணையா பெர்லின் வரைக்கும் போய்ட்டு திரும்பி வந்தது மஸ்டாங். உன் ஸ்பிட்ஃபயரு பாதி தூரம் போனா பெட்ரோலு தீந்துடும்.”

“எங்க வூட்டு வாசல காக்கறவனுக்கு எதுக்கு அவ்ளோ பெட்ரோலு?”

“நம்மள அடிமையா வச்சிருந்தவன் பிளேனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கற?”

“உன் அமெரிக்காகாரன் மட்டும் இன்னா கிளியனூர்க்காரனா?”

அண்ணனிடம் கடைசியாக ஒரு சீட்டு இருக்கும். அதை எப்போதும் முடிவில்தான் இறக்குவான். மஸ்டாங்கைச் செய்யச் சொல்லி அமெரிக்கக் கம்பெனியிடம் கேட்டதே இங்கிலாந்துதான். முதலில் அதற்கு அமெரிக்க இஞ்சின் வைத்தார்கள். தாழப் பறக்கும்போது நன்றாக ஓடும், உயரே போனால் மூச்சு வாங்கும். பிறகு ஸ்பிட்ஃபயரில் இருந்த அதே மெர்லின் இஞ்சினை இதற்கும் பொருத்தினார்கள். அதற்கப்புறம்தான் மஸ்டாங் மஸ்டாங் ஆனது.

“உசுரு எங்களுது. சட்டதான் உன்னுது” என்பான் அண்ணன்.

“அந்த இஞ்சினையும் அமெரிக்காவுலயே செஞ்சிக்கினோம்” என்பார் இவர், ஏதோ கிளியனூரில் பட்டறை போட்டுச் செய்த மாதிரி.

அந்த நாடுகளை நேச நாடுகள் என்று சொல்கிறார்கள். ஒரே எதிரி, ஒரே பக்கம். ஆனால் உள்ளுக்குள் யார் பெரியவன் என்ற பேச்சு ஓயாதாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தவள் நான்.

ஷூ

இப்போது பாத்திக்குத் திரும்புவோம்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது. தண்ணீர் வடிந்த உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. உப்பு வெள்ளையாக வேண்டுமென்றால் பாத்தியின் தரை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். அதற்கு எந்த மெஷினும் கிடையாது. ஆணும் பெண்ணும் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, வெறுங்காலால் ஒரு இடம் விடாமல் மிதித்துக்கொண்டே போவார்கள். மிதித்து இறுக்கிய பாத்தியில் முதல் உப்புத் தண்ணீரை விட்டுவிட்டால், உப்பு வாரும் நாள்வரை அதில் யாரும் இறங்க மாட்டார்கள். செருப்புக் காலோடு எந்த நாளும் இறங்க மாட்டார்கள். சாமி கோயில் மாதிரிதான்.

காரணம் சாமி இல்லை. ஒரு செருப்புத் தடம் பதிந்தால் அந்த இடத்தில் இறுகிய மண் கிளறிவிடும். அப்புறம் பலகை வைத்து உப்பை வாரும்போது சேறும் கூடவே வரும். வெள்ளை உப்பு பழுப்பாகிவிடும்.

அந்தச் சாயங்காலம் இன்னும் தண்ணீர் விடாத ஓரத்துப் பாத்திதான் இவர்களுக்கு ரன்வே. அண்ணன் ஸ்பிட்ஃபயரை விட்டு, இரண்டு வளையம் போட்டு, வழக்கம்போல் தள்ளாடித் தள்ளாடி இறக்கிவிட்டான். இவர் முறை வந்தது.

“தூரம்னா இன்னான்னு காட்டறேன் பாரு மச்சான்.”

மஸ்டாங் கடல் பக்கமாகப் போனது. போன வருஷத்து உப்புக் குவியல்களைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டிச் சின்னப் புள்ளியானது. அண்ணன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். அவனே குறை சொல்ல முடியாத அளவுக்கு நன்றாகத்தான் பறந்தது. திரும்பி வரும்போது பேட்டரி போய்விட்டது. ரன்வேக்கு நாலு பாத்தி முன்னாலேயே, முந்தின நாள்தான் முதல் தண்ணீர் விட்டிருந்த பாத்தியில் தலைகீழாக விழுந்தது.

இவர் ஷூவோடு ஓடியதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஏர்போர்ட்டில் விமானம் நிற்கிற தரையில் ஷூ இல்லாமல் காலே வைக்கக் கூடாது. வைத்தால் வேலை போய்விடும். வருஷக்கணக்கில் அந்தப் பழக்கம். லீவுக்கு வந்தால் குழாயடிக்குப் போகக்கூட ஷூவை மாட்டுவார், நான் கத்துவேன். விமானம் விழுந்த இடத்துக்கு ஷூவோடு ஓடுவதுதான் அவர் கற்ற ஒழுங்கு. அது இந்தத் தரையில் செய்யவே கூடாத காரியம்.

“மாப்ள! ஷூவோட எறங்கிட்டியே!” அண்ணன் குரல் உப்பளம் முழுக்கக் கேட்டது.

இவர் விமானத்தைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, வந்த வழியில் வராமல் குறுக்கே நடந்து இன்னொரு வரிசைத் தடம் போட்டுக்கொண்டு வந்தார். “ஒரு பாத்திதான மச்சான், ஆளு வச்சி மிதிச்சிக்கலாம்” என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. கோமதி அண்ணியும் மற்றவர்களும் அந்த ஒரு பாத்தியை மிதித்து முடித்த கால்களோடு அங்கேயே நின்றிருந்தார்கள்.

“ஆளு வச்சா? நீ எல்லாத்தையும் ஆளு வச்சிதான் பண்ற. அங்க உக்காந்துக்கினு இங்க ஆளு வைக்கற. உன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலி எடுத்த அன்னிக்கு ரோட்டுல முட்டி தண்ணி. ஆட்டோவ பின்னால இருந்து தள்ளிக்கினு போனது யாரு? உன் மஸ்டாங்கா?”

“நான் தூரம் போனதாலதான் இந்தக் குடும்பம் நிக்குது மச்சான். வாசல்லயே நின்னுக்கினு காவல் காத்தா சோறு வருமா?”

“தூரம் போறவன் பேசறான் பாரு. நாலு பாத்திக்கு முன்னாடியே மூக்கு குத்திக்கினு நிக்குது!”

இவர் கையிலிருந்த மஸ்டாங்கை வரப்பில் வீசினார். இறக்கை ஒன்று மடங்கியது. ரிமோட்டையும் அங்கேயே போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அப்பா, மாமா என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கைகாட்டியது அது ஒன்றுதான்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமை இவர்கள் பேசியது விமானத்தைப் பற்றி இல்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. ஒருவன் போனவன், ஒருவன் இருந்தவன். இருவருக்கும் அடுத்தவன்மேல் கொஞ்சம் பொறாமை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல் எங்கேயோ இருக்கிற பெர்லினுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மடி

காதுகுத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மண்டபம் எல்லாம் இல்லை, எங்கள் குலதெய்வக் கோயிலில்தான். தாய்மாமன் வீட்டுக்கு மட்டும் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தட்டு எடுத்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“வந்துடுண்ணா.”

“நீ கூப்புட்டா நான் எப்ப வேணா வருவேன் விஜி. காதுகுத்துக்கு மாப்ள வந்து கூப்புடட்டும்.”

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “பொண்டாட்டி பிரசவத்த எடுத்து ஊர் முன்னாடி சொல்லிக் காட்டினவன நான் போய்க் கூப்புடணுமா? பூசாரி மடியில உக்கார வச்சி குத்து” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுத முடியாது, இது நாலு பேர் படிக்கிற பத்திரிகை. குழந்தையை நினைத்துப் பார்த்தேன். நாளைக்கு வளர்ந்து போட்டோவைப் பார்த்து, மாமா எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் அமெரிக்கா இங்கிலாந்து தகராறு என்றா?

இரண்டு நாள் கழித்து அண்ணி ஊக்கு வைக்க பிளவுஸ் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். ஊக்கெல்லாம் அவளே வைத்துக்கொள்வாள். வேறு எதற்கோ வந்தாள் என்று தெரிந்தது.

“அந்தப் பாத்தி தண்ணிய வடிச்சாச்சி விஜி. நாளைக்கு காலையில திரும்ப மிதிக்கறோம். ஒரு ஆளு கொறையுது.”

“கூலிக்கு ஆளு கெடைக்கலயா அண்ணி?”

“உங்க அண்ணன் வேணாங்குது. ஒரு ஆளு கொறச்சலாவே மிதிக்கலாம்னு சொல்லுது” என்று சொல்லிவிட்டு பிளவுஸை எடுத்துக்கொண்டே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இவருக்குத் தோசை போட்டுக்கொண்டே சொன்னேன். “தப்பா வெட்டின துணிய பேசிப் பேசி ஒட்ட வைக்க முடியாது. பிரிச்சி திரும்பத் தைக்கணும். நாளைக்கு காலையில அந்தப் பாத்திய மிதிக்கறாங்களாம். ஒரு ஆளு பத்தலயாம்.”

அவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டார்.

குதிகால்

காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை. வாசலில் ஷூ இருந்தது. செருப்பும் இருந்தது.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, டீயை பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஒரு முனையில் அண்ணன். மறு முனையில் முட்டிவரை மடித்துக் கட்டிய லுங்கியோடு என் வீட்டுக்காரர். நடுவில் நின்றவர்கள் ஒன்றுமே தெரியாத முகத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

இவருக்கு மிதிக்கத் தெரியவில்லை. நாற்று வயலில் நடக்கிற மாதிரி காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் சேறு காலோடு கிளம்பி வந்தது. வெயில் ஏற ஏற அவர் முகம் சுருங்கியது. ஷூவுக்குள்ளேயே இருந்த கால், பூப் போல வெளுத்திருக்கும். அந்த மண்ணில் உப்பு கத்தி மாதிரி இருக்கும்.

வரிசை ஒரு முறை போய்த் திரும்பியது. திரும்பும்போது அண்ணி எதற்கோ கையைக் கழுவப் போனாள். நடுவில் நின்ற மற்ற மூன்று பேரும் பீடி பற்ற வைக்க, தண்ணீர் குடிக்க என்று ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். இடைவெளி விடாமல் நெருங்கி நிற்பதுதான் அந்த வேலையின் முறை. நெருங்கி நெருங்கி, கடைசியில் அண்ணனும் இவரும் தோள் உரசி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் மிதித்த பிறகு அண்ணன் கீழே பார்த்தபடியே சொன்னான்.

“தூக்காத மாப்ள. குதிகால அழுத்து. அழுத்தி, அப்டியே தள்ளு.”

இவர் அழுத்தித் தள்ளினார். இந்த முறை சேறு கிளம்பவில்லை.

“இப்டியா மச்சான்?”

“ம்.”

பாதி பாத்தி முடிந்ததும் இவர் அப்படியே நின்றார். “வெள்ளிக்கெழம பாப்பாவுக்கு காதுகுத்து. மடி குடுக்க வரணும்.”

“சேத்துல நின்னுக்கினு கூப்புடறான் பாரு” என்றான் அண்ணன். “தட்டு எங்கடா?”

அவன் அவரை டா போட்டது அதுதான் முதல் தடவை. வரப்பில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணைக் குத்துகிறது என்று அண்ணியிடம் சொன்னேன். அவளும் தனக்கும் குத்துகிறது என்றாள்.

சாயங்காலம் தட்டு எடுத்துக்கொண்டு போனோம். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் முறைப்படி வைத்திருந்தோம். இவர் செருப்புப் போட முடியாமல், வெடித்த பாதத்தில் தேங்காயெண்ணெய் தடவி, தத்தித் தத்தி நடந்து வந்தார்.

“இன்னா மாப்ள, ஸ்பிட்ஃபயர் மாதிரி நடக்கற?” என்று வாசலிலேயே கேட்டான் அண்ணன்.

சீர்

காதுகுத்து நன்றாகவே நடந்தது. குழந்தை அண்ணன் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. முதல் காதில் ஊசி ஏறியதும் அது போட்ட கூச்சலில் கோயில் மரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. இரண்டாவது காதுக்கு அண்ணனின் கையைக் கடித்துவிட்டது. அவன் கையை எடுக்கவே இல்லை. தடம் தெரியக் கடித்திருந்ததை ஒரு வாரம் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான்.

தாய்மாமன் சீர்த் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். பழம், தேங்காய், பாவாடை சட்டை, கம்மல். கடைசித் தட்டு நீளமாக இருந்தது, மேலே ஒரு துண்டு மூடியிருந்தது. அண்ணி துண்டை எடுத்தாள்.

மஸ்டாங். மடங்கிய இறக்கைக்கு உள்ளே மரச் சட்டம் கொடுத்து நிமிர்த்தியிருந்தான். உப்புத் தண்ணீர் போக நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்திருந்தான். வெள்ளி நிறம் ஒரு பக்கம் கொஞ்சம் கருத்திருந்தது, அவ்வளவுதான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தது.

இவர் பேட்டரி மாட்டி, ரிமோட்டில் லேசாகத் தட்டினார். காற்றாடி விர்ரென்று சுற்றியது. இவர் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

“மச்சான், இது என் மோட்டார் இல்லயே. சத்தம் வேற.”

“உன்துல உப்பு ஏறிடிச்சி. பேரிங் எல்லாம் போச்சி.”

“அப்ப இது?”

“நெஜமா நடந்ததும் அதுதான மாப்ள. எங்க இஞ்சின வச்சப்புறந்தான் உன்து ஒழுங்கா பறந்துது.”

இவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, கையிலிருந்த விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விவாதத்தில் அவர் தோற்றதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தோற்றதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரித் தெரியவில்லை.

பந்தி முடிந்து எல்லோரும் கிளம்பும்போது நான் அண்ணனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். “உன் பிளேனுக்கு மோட்டார் இல்லாம ஆயிடிச்சே. அது அந்த மனுஷன் ஊர்ல இருந்து கொண்டாந்து குடுத்ததாச்சே.”

அவன் பல் தடத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: “நான் இங்கதான இருக்கப் போறேன் விஜி. அவன் போறவன். போனா திரும்பி வரணும்ல, அதுக்கு நல்ல இஞ்சின் வேணும்.”

சுவருக்கு வந்தது

அடுத்த வாரம் இவர் கிளம்பிப் போனார். போவதற்கு முன் இரண்டு விமானங்களையும் என் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். இங்கிலாந்து இஞ்சினோடு மஸ்டாங் ஒரு பக்கம். மூக்கில் ஒன்றும் இல்லாத ஸ்பிட்ஃபயர் ஒரு பக்கம். அதை விரலால் தட்டினால் காலி டப்பா மாதிரிச் சத்தம் வரும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் கடைக்கு வருகிறான். போனில் இவரோடு சண்டை நடக்கிறது. போன வாரச் சண்டை, ஸ்பிட்ஃபயருக்கும் கூடுதல் பெட்ரோல் டேங்க் கட்டியிருந்தால் பெர்லின் போயிருக்குமா என்பது. போன் வைத்ததும் அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி மஸ்டாங்கைக் கீழே இறக்குவான். என் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்க் குப்பியை எடுத்து, மோட்டாரில் இரண்டு சொட்டு விட்டு, காற்றாடியை விரலால் சுற்றிப் பார்ப்பான். கடல் காற்று எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைத்துவிடும் ஊர் இது.

“சும்மா தொங்கற பிளேனுக்கு வாரா வாரம் எண்ணெய் எதுக்குண்ணா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“மாப்ள வந்த அன்னிக்கே பறக்கணும்ல” என்றான்.